குறிப்பு கட்டாயம்

“சார், ரிமார்க்ஸையும் சேத்துத்தான் புது கிளவுட்ல ஏத்துதோம். ஒரு எழுத்து விட மாட்டோம்” என்றாள் ஜெயபிரியா.

செந்தூர்வேல் வாயிலிருந்த தேநீரை விழுங்கவும் மறந்தார், துப்பவும் மறந்தார். வாயில் வைத்துக்கொண்டே, ‘எதை?’ என்று கண்ணால் கேட்டார்.

“ரிமார்க்ஸ் சார். ஒவ்வொரு நாள் கப்பல் என்ட்ரிக்கும் கடைசியில நீங்க குறிப்பு எழுதுவீங்கல்லா? பதினாலு வருசத்துக்கு நாலாயிரத்து இருநூத்திப் பதினேழு குறிப்பு இருக்கு. எல்லாம் நீங்க எழுதினது.”

தேநீர் தப்பான வழியில் இறங்கியது. அவர் இருமி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் அவரைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

செந்தூர்வேலுக்கு வயது ஐம்பத்தாறு. ஏரல் பக்கத்துக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்க ஏற்பாடு செய்யும் ‘வன்னியபெருமாள் அண்ட் சன்ஸ்’ கம்பெனியில் தலைமை கிளார்க். முப்பத்திரண்டு வருட சர்வீஸ்; ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். முதலாளி வன்னியபெருமாளுக்கு எண்பத்தொன்று. ஆபீஸ் மாடியிலேயே தனியாகக் குடியிருக்கிறார். மனைவி காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. சன்ஸ் என்று யாரும் கிடையாது. பெயர்ப்பலகை எழுதியவர் எல்லாக் கடைக்கும் எழுதுகிற கைப்பழக்கத்தில் எழுதிவிட்டார், அவ்வளவுதான். நடுவில் ஒருமுறை முதலாளியே பெயிண்டரை வரவழைத்து, அந்த இரண்டு சொல்லையும் அழிக்கச் சொன்னார். பெயிண்டர் ஏணியில் ஏறிய பிறகு, “வேண்டாம், இறங்கும். ஓரத்துல இடம் மிச்சமாத் தெரியும்” என்று அனுப்பிவிட்டார்.

குறிப்பு விஷயம் இதுதான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் பேரேடுகளை மூட்டை கட்டிவிட்டு கம்பெனி கம்ப்யூட்டருக்கு மாறியபோது, முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “பழைய பேரேட்டுல ‘விசேஷம்’னு ஒரு கட்டம் உண்டுல்லா? அது இதுலயும் இருக்கணும். ரெண்டு வார்த்தையாவது எழுதாம அடுத்த பக்கம் போகக் கூடாது.” சாப்ட்வேர்க்காரர்களும் அப்படியே செய்து கொடுத்துவிட்டார்கள். குறிப்பு எழுதாவிட்டால் திரையில் சிவப்பாக வரும்: ‘குறிப்பு கட்டாயம்.’

செந்தூர்வேல் முதல் வாரம் ‘கப்பல் நேரத்துக்கு வந்தது’ என்று எழுதினார். இரண்டாவது வாரம் ‘மழை பெய்தது, வேலை நின்றது’ என்று எழுதினார். மூன்றாவது வாரம் யோசித்தார். கப்பல் பெயர் வேண்டும், டன் வேண்டும், கேட்பார்கள். இந்தக் கட்டத்தை எவன் படிக்கப் போகிறான்? அன்றைக்கு ஆரம்பித்தார் உண்மையை எழுத. வீட்டில் மனைவி வடிவு சொன்னது, ஆபீஸில் நடந்தது, முதலாளியைப் பற்றி நேரில் சொல்ல முடியாதது, எல்லாம். டைரி எழுதுகிற வழக்கம் அவருக்கு வாழ்நாளில் இருந்ததில்லை. அரசாங்க வேலைபோலக் கட்டாயப்படுத்தியதால் எழுதிவிட்டார்.

இருமல் நின்றுவிட்டது.

“அது வேண்டாம்மா. அதுல ஒண்ணுமில்ல, வெறும் குப்பை” என்றார்.

“சார், இன்னைக்கு உலகமே குப்பையைத்தான் கிண்டிக்கிட்டு இருக்கு. எதையும் அழிக்கக் கூடாது, எல்லாத்தையும் தேடுற மாதிரி வைக்கணும், இதான் இப்போ ட்ரெண்ட்.”

ஜெயபிரியா கயத்தாறுக்காரி. பழைய கணக்குகளைக் கிளவுடுக்கு இடமாற்றும் வேலையை எடுத்த சாப்ட்வேர் கம்பெனி அனுப்பிய பெண். கெட்டிக்காரி. செந்தூர்வேலுக்கு அந்த நிமிடம் ஒரு மந்தமான பெண்ணை அனுப்பியிருக்கலாமே என்றிருந்தது.

“தேடுறதுன்னா?”

“முதலாளி வாயால தன் பேரைச் சொன்னாப் போதும் சார். அவங்களப் பத்தி வர்ற எல்லாக் குறிப்பும் வரிசையா வந்து நிக்கும். அவங்களுக்குக் கண்ணு சரியில்லல்லா, அதனால வாசிச்சும் காட்டும். எண்ணிப் பாத்தேன், ‘முதலாளி’ங்கற வார்த்தையே ஆயிரத்து முந்நூத்திப் பதினாறு தடவை வருது. அவ்வளவு பாசமா சார்?”

செந்தூர்வேலுக்கு வேர்த்தது. “அதை விட்டுரும்மா. மத்ததை மட்டும் ஏத்து” என்றார் மறுபடியும்.

“நீங்க ரெண்டு தடவ கேட்டுட்டீங்க. அப்போ அது எவ்வளவு முக்கியமா இருக்கும்! அதையே மொதல்ல ஏத்திருதேன். சனிக்கிழமை முதலாளிக்கு டெமோ” என்று சொல்லி, பட்டியலில் ரிமார்க்ஸுக்கு நேராக மஞ்சள் நட்சத்திரம் போட்டாள்.

அன்று புதன்கிழமை.

மறுநாள் காலையில் வழக்கம்போல என்ட்ரி போட உட்கார்ந்தார். உரக் கப்பல், பதினோராயிரம் டன். குறிப்புக் கட்டத்தில் கர்சர் துடித்தது. இன்றாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கை கேட்டால்தானே! ‘வடிவு இன்று ராத்திரிக்கு விளமீன் குழம்பு என்றிருக்கிறாள். போன வாரம் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. நாளைக்கு நிலவரம் சொல்கிறேன்’ என்று எழுதிவிட்டார். யாருக்கு நிலவரம் சொல்கிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

எழுதி முடித்ததும்தான் யோசனை வந்தது. பழைய குறிப்புகளை அழிக்கும் அதிகாரம் ‘அட்மின்’ கணக்குக்கு மட்டும்தான் உண்டு. அந்தக் கணக்கு, தொடங்கிய நாளில் அவர் பெயரில்தான் திறக்கப்பட்டது. தானே உள்ளே போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டால்?

பாஸ்வேர்டை மறந்துவிடக் கூடாதே என்று அந்த வருடத்து நாள்காட்டியின் அட்டையில் பெரிதாக எழுதிவைத்தது நினைவிருந்தது. வருடம் முடிந்ததும் நாள்காட்டியைக் கழற்றிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டதும் நினைவிருந்தது. பாஸ்வேர்டு மட்டும் நினைவில்லை. மனைவி பெயரைப் போட்டார். தப்பு. மகள் பானுப்ரியாவின் பெயரைப் போட்டார். தப்பு. திருச்செந்தூர் முருகனை நினைத்துக்கொண்டு அவர் பெயரையும் போட்டார்.

முருகனும் தப்பு. ஆபீஸில் இருந்த எல்லாத் திரையும் ஒரே சமயத்தில் சிவப்பானது.

“யாரும் எதையும் தொடாதீங்க!” என்று ஜெயபிரியா எழுந்து நின்றாள். “நம்ம டேட்டாவத் திருட எவனோ உள்ள வரப் பாக்கான். சிஸ்டம் லாக் ஆயிட்டு. இனி அட்மின் தொறந்தாத்தான் உண்டு.”

உரக் கப்பல் வேலை நின்றது. கிளார்க்குகள் நான்கு பேரும் இதுதான் சமயம் என்று வடை சாப்பிடப் போனார்கள். ஜெயபிரியா செந்தூர்வேல் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“சார், உள்ளாளுதான் செஞ்சிருக்கணும். இந்த ஆபீஸ்ல சந்தேகப்பட முடியாத ஒரே ஆளு நீங்கதான். விசாரிச்சு ரிப்போர்ட் எழுதித் தாங்க.”

“நானா?”

“வேற யாரு சார் இருக்கா?”

இப்படியாகச் செந்தூர்வேல், செந்தூர்வேலைப் பிடிக்கும் பொறுப்பை ஏற்றார்.

அட்மின் கணக்கைத் திறக்க இன்னொரு வழி இருந்தது. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று திரையே அனுதாபத்தோடு கேட்டது. அழுத்தினார். ‘47 என்று முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தது. அது அவருடைய பழைய எண். எட்டு வருடத்துக்கு முன்னால், புதிய சிம்முக்கு இன்டர்நெட் இலவசம் என்று ஊரே க்யூவில் நின்றபோது, அவரும் நின்று வாங்கிக்கொண்டு பழையதைக் கைவிட்டிருந்தார். அது இப்போது யாரிடம் இருக்கிறதோ!

தன் செல்லிலிருந்து பேசினால் தடயம் மிஞ்சும் என்று யோசித்து, ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து பேசினார். தடயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“ஹலோ” என்றது ஒரு பெண் குரல்.

“அம்மா, உங்க நம்பருக்கு இப்போ ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர்…”

“ஆமா, வந்திருக்கு.”

“அதக் கொஞ்சம் சொல்ல முடியுமா?”

அந்தக் குரல் ஆனந்தத்தில் நடுங்கியது.

“ஏலே! நீதானா அவன்? யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்கறதுக்கு முன்னால ஒருத்தி சொல்லுதாளே, ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க சொல்லாதீங்கன்னு! ஒருத்தனாவது நம்மகிட்ட கேக்கானான்னு எத்தன நாளாக் காத்துக் கெடக்கேன் தெரியுமா? மாட்டினியா? எந்த ஊருலே நீ?”

செந்தூர்வேல் போனை வைத்துவிட்டார். பத்தாவது நிமிடம் அதே போன் அடித்தது. எடுத்தது ஜெயபிரியா. ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, முகமெல்லாம் மலர வந்தாள்.

“சார், பெரிய துப்பு கெடச்சிருக்கு. மணப்பாட்டுலருந்து பிளாரன்ஸ்னு ஒரு அம்மா. நம்ம ஆபீஸ் போன்லருந்தே ஒருத்தன் ஓடிபி கேட்டிருக்கான். குரல் வச்சே அவன அடையாளம் காட்டுவேங்காங்க. நாளைக்கு நீங்களே நேர்ல போயி வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க. ஆன் டியூட்டி போட்டுக்கோங்க.”

வெள்ளிக்கிழமை காலையில், திருடனைப் பிடிக்கத் திருடனே பஸ் ஏறினார்.

திருச்செந்தூரில் இறங்கி வேறு பஸ் மாறி மணப்பாட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. மணல் குன்றின் மேல் கோயில் வெயிலில் பளிச்சென்று நின்றது. பிளாரன்ஸ் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. திருடனைப் பிடித்த கதை அதற்குள் தெருவெல்லாம் தெரிந்திருந்தது. அறுபது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஆபீஸ்லருந்து வாரேன். விசாரணைக்கு” என்றார்.

பிளாரன்ஸ் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். “நீதானலே அது! இந்தக் குரல்தான!”

இனிமேல் மறைத்துப் பயனில்லை. “நான்தாம்மா. ஆனா நான் திருடன் இல்ல. அது எட்டு வருசத்துக்கு முன்னால என் நம்பரு.”

அந்த அம்மாளின் முகம் மாறியது. “இருங்க. அப்ப நீங்கதான் செந்தூர்வேலா?”

“என் பேரு எப்படித் தெரியும்?”

“எப்படியா? எட்டு வருசமா உங்களுக்கு வர்ற போனெல்லாம் நான்லா எடுக்கேன்!” என்றவள் உடனே உஷாரானாள். “ஆனா யாரு வேணாலும் வந்து நான்தான் செந்தூர்வேல்னு சொல்லலாம்லா? கேள்வி கேப்பேன். பதில் சரியா இருந்தாத்தான் ஓடிபி.”

“கேளுங்க.”

“மார்கழி மாசம் தவறாம ஒரு மலையாளத்துக் கேப்டன் கூப்பிடுதாரு. பேரு என்ன?”

செந்தூர்வேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “கேப்டன் வர்கீஸ்… அவரு இன்னும் கூப்பிடுதாரா?”

“வருசா வருசம். ‘மெரி கிறிஸ்துமஸ், செந்தூர்’ம்பாரு. நானும் ‘சேம் டு யூ’ன்னு சொல்லி வச்சிருவேன். காது கேக்காது போல, பாவம். பேசினது யாருன்னே பாக்க மாட்டாரு.”

வர்கீஸ் தன்னை மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். ஒரு புயல் நேரத்தில் நான்கு நாள் கப்பலிலேயே அவரோடு சீட்டாடிக் கழித்தது நினைவுக்கு வந்தது.

“அடுத்த கேள்வி. எபனேசர்னு ஒருத்தரு, உங்ககூடப் படிச்சவரு. உங்கள என்ன பட்டப்பேரு சொல்லிக் கூப்பிடுவாரு?”

செந்தூர்வேல் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. “கொடுக்காப்புளி” என்றார் மெதுவாக.

“சத்தமாச் சொல்லுங்க.”

“கொடுக்காப்புளி!”

“சரிதான். அவரு மக கல்யாணத்துக்கு ‘கொடுக்காப்புளி குடும்பத்தோட வரணும்’னு மெசேஜ் அனுப்பியிருந்தாரு. ஆறு வருசமிருக்கும். கூப்பிட்ட மரியாதைக்கு நான் போயிட்டு வந்தேன். பிரியாணி அருமை.”

எபனேசர் மகள் கல்யாணத்துக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று ஆறு வருடமாகப் பேச்சை நிறுத்தியவர் செந்தூர்வேல். ரோட்டில் எபனேசரைப் பார்த்தால் வெயிலென்றும் பாராமல் எதிர்ப்பக்கம் போய்விடுவார். போன மாதம்கூட அப்படித்தான் போனார். எபனேசர் கையைத் தூக்கியதும் பார்க்காததுபோலப் போனார். அதை நினைக்க அவருக்கே தன்மேல் வெறுப்பாக வந்தது.

“என்ன அண்ணாச்சி, அழுதீகளா?”

“வெங்காயம் அரிஞ்சீங்களோ?”

“நான் மீன்லா ஆயுதேன்.”

மறுபடியும் ஓடிபி வரவழைத்தார்கள். பிளாரன்ஸ் ஆறு எண்ணையும் செபம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். பூட்டு திறந்தது. பதினான்கு வருடமும் செந்தூர்வேலின் செல்லுக்குள் வரிசையாக வந்து நின்றது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அழித்துவிடலாம். ஆனால் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது.

‘ஒன்றுமில்லை என்று போட்டால் இந்தப் பெட்டி ஏற்க மறுக்கிறது. எனவே எழுதுகிறேன்: ஒன்றும் இல்லவே இல்லை, போதுமா?’

அவருக்கே சிரிப்பு வந்தது. “என்னது? சத்தமாப் படிங்களேன்” என்றாள் பிளாரன்ஸ். படித்தார்.

‘நிலக்கரிக் கப்பல். வெள்ளைச் சட்டையோடு போனேன், கறுப்புச் சட்டையோடு திரும்பினேன். வடிவு வாசலிலேயே நிறுத்தி, யார் வேணும் என்றாள்.’

“அடுத்தது?”

‘மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. காற்று மட்டும் வேறு எங்கோ போகிறது.’

அதற்கு அடுத்த வாரமே ஆபீஸுக்குப் புது மின்விசிறிகள் வந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. முதலாளியின் மைத்துனர் அப்போது மின்சாதனக் கடை திறந்திருந்தார், அந்த வியாபாரத்துக்காக என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

‘மூன்று நாள் கப்பல் தாமதம். முதலாளி மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் பேசினார். மூன்று நாளே தேவலை.’

பிளாரன்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். மீனைக் கழுவி உள்ளே வைத்துவிட்டு வந்து நன்றாக உட்கார்ந்துகொண்டாள். “ம்ம், மேல.”

‘மகள் பானு வேலைக்குச் சென்னை போகிறாள். ரயில் கிளம்பிய பிறகும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், ஆட்டிக்கொண்டிருந்தது பக்கத்துத் தண்டவாளத்துச் சரக்கு ரயிலுக்கு.’

இதற்கு இரண்டு பேருமே சிரிக்கவில்லை. பிளாரன்ஸின் பிள்ளைகளும் வெளியூரில்தான் இருக்கிறார்கள்.

‘நாளைக்கு வடிவுக்கு ஆபரேஷன். கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக வரும் என்று பயந்தேன். டைப் அடிக்கும்போது எழுத்து நேராகத்தான் வருகிறது. மனிதனைப் பற்றி இந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை.’

அந்த நாள் அவர் கண்முன் வந்தது. விடிந்ததும் முதலாளியின் டிரைவர் மாசானம் வாசலில் காரோடு நின்றான். “வண்டி சும்மாதான் நிக்கி அண்ணாச்சி, ஏறுங்க” என்றான். நல்ல மனிதன் மாசானம். முதலாளிக்குத் தெரியாமல் காரை எடுத்து வந்திருக்கிறான் என்று, இதுவரை யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

எவ்வளவு நல்ல வருடங்கள்! நடந்தபோது ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. இப்போது படித்தால் ஒவ்வொரு நாளும் ஏதோ நடந்திருக்கிறது. வடிவு ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

“இதப் போயி எதுக்கு அண்ணாச்சி அழிக்கணும்?” என்றாள் பிளாரன்ஸ்.

அழிக்க வேண்டாம் என்றுதான் அவருக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது. வேலை போனால் போகட்டும், இரண்டு வருடம்தானே. ஆனால் விரல் இன்னொரு குறிப்பில் போய் நின்றது.

‘பெயர்ப்பலகையில் அண்ட் சன்ஸ் என்றிருக்கிறதே, சன்ஸ் எங்கே என்று ஒரு கேப்டன் கேட்டார். ஓரத்தில் இடம் மிச்சம் இருந்தது என்றேன். எல்லோரும் சிரித்தோம்.’

செந்தூர்வேலுக்கு உடம்பு கூசியது. இதையா எழுதினோம்? மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் எண்பத்தொரு வயது மனிதருக்கு இதை ஒரு இயந்திரம் நாளைக்குக் குரலெடுத்து வாசித்துக் காட்டுமா? அவர் முகம் என்ன ஆகும்? வேலையை விடுங்கள், அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

‘4,218 குறிப்புகளையும் நிரந்தரமாக அழிக்கலாமா?’ என்று செல் கேட்டது. ‘நிச்சயமாகவா?’ என்று இன்னொரு முறை கேட்டது. அழுத்திவிட்டார்.

“போச்சா?”

“போச்சு.”

“எல்லாமா? அந்தச் சரக்கு ரயிலுமா?” என்று கேட்டாள் பிளாரன்ஸ். அவர் கிளம்பும்போது கேப்டன் வர்கீஸின் எண்ணையும் எபனேசரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறியதும் அவர் முதலில் எபனேசருக்குப் பேசினார். “ஏலே கொடுக்காப்புளி!” என்ற குரலைக் கேட்டு, திருச்செந்தூர் வரைக்கும் ஜன்னல் பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலை. பூட்டுத் திறந்துவிட்டதால் ஆபீஸ் வழக்கம்போல நடந்தது. மணப்பாட்டுக்குப் போனது ராங் நம்பர், திருடன் யாரும் இல்லை என்று அரைப் பக்கத்தில் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். அன்றைய என்ட்ரியைப் போட்டார். குறிப்புக் கட்டம் வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, ‘குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை’ என்று எழுதினார். அந்தப் பெட்டி அதை ஏற்றுக்கொண்டது. வீட்டில் யாரோ இல்லாததுபோல இருந்தது அவருக்கு.

பத்து மணிக்கு ஜெயபிரியா வெளிறிய முகத்தோடு வந்தாள்.

“சார், ரிமார்க்ஸ் பூராவும் காலி! பேக்கப் எடுக்கறதுக்கு முன்னால எவனோ அழிச்சிட்டான். முதலாளிக்கும் தெரிஞ்சுபோச்சு போல. ரிமார்க்ஸ் விசயமா உங்கள உடனே மேல வரச் சொன்னாங்க.”

பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியம் யோசித்தார். மன்னிச்சுக்கோங்க முதலாளி. வயசுக் கோளாறு முதலாளி. நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிருதேன் முதலாளி. மேலே போனபோது ஒரு வாக்கியமும் மிச்சமில்லை.

கதவுக்கு வெளியே ஸ்டூலில் டிரைவர் மாசானம் உட்கார்ந்திருந்தான். மூக்கில் கண்ணாடி, மடியில் ஆபீஸ் டேப்லெட். அதில் அவன் சீட்டு விளையாடுகிறான் என்றுதான் கீழே எல்லோரும் சொல்வார்கள். பாதி திறந்த கதவு வழியே முதலாளியின் கட்டில் தெரிந்தது. தலைமாட்டில் ஒரே அளவில், நீலத் துணி அட்டை போட்ட தடித்த புத்தகங்கள் அடுக்கியிருந்தன. தேவாரம் திருவாசகமாக இருக்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பி ஆடை படிந்து ஆறிப்போய் இருந்தது.

“மாசானம், உள்ள எப்படி இருக்காரு?” என்று கிசுகிசுத்தார்.

“நேத்துலருந்தே சரியில்ல அண்ணாச்சி. காப்பியத் தொட மாட்டேங்காரு. என்னையும் வையுதாரு.”

“எல்லாம் தெரிஞ்சுபோச்சா?” செந்தூர்வேல் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். “என்னைய வேலையவிட்டு அனுப்பப் போறாரா?”

மாசானம் கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“வேலையப் பத்தி யாரு பேசினா? பழசெல்லாம்தான் வருசா வருசம் பிரிண்டு எடுத்து பைண்டு போட்டு வச்சிருக்காரே, கண்ணு மங்கின நாள்லருந்து தெனமும் காலைல நான்லா வாசிச்சுக் காட்டுதேன். மொதல்ல உள்ள போயி, வியாழக்கிழமை மதினி வச்ச விளமீன் குழம்புல உப்பு சரியா இருந்துச்சா இல்லையான்னு அவருகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி!”